வளரும் நிறுவனங்களில் அஜைல் வேலைமுறையும் செயற்கை நுண்ணறிவும்

அஜைல் என்பது ஒரு பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்யும் வேலைமுறை ஆகும். ஒரு பகுதி முடிந்தவுடன் அது பயன்படுத்துவோரிடம் காட்டப்படுகிறது. அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே அடுத்த பகுதி திட்டமிடப்படுகிறது. மென்பொருள் துறையில் தோன்றிய இம்முறை இன்று வங்கி, தொலைத்தொடர்பு, அரசுத் துறைகள் வரை பரவியுள்ளது. 'அஜைல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சுறுசுறுப்பான, எளிதில் வளைந்து திரும்பக்கூடிய என்று பொருள். இதனால் அஜைல் என்றாலே வேகமாக வேலை செய்வது என்று பலர் நினைக்கின்றனர். இது பாதி உண்மைதான். ஒரு வேலையைச் செய்ததற்கும், அது சரியா தவறா என்று தெரிந்துகொள்வதற்கும் நடுவே உள்ள காலத்தைக் குறைப்பதே இம்முறையின் உள்ளடக்கம். நிறுவனம் வளரும்போது அந்தக் காலம் தானாகவே நீள்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அது குறைந்தது போலத் தோன்றினாலும், பல இடங்களில் உண்மையில் நீண்டிருக்கிறது. இக்கட்டுரை இவ்விரண்டையும் விளக்குகிறது.

தோற்றம்

மென்பொருளை ஒரு கட்டடம் போலக் கட்டலாம் என்ற எண்ணம் தொடக்கக் காலத்தில் வலுவாக இருந்தது. முதலில் தேவைகள் அனைத்தையும் எழுதுவது, பிறகு வடிவமைப்பது, பிறகு நிரல் எழுதுவது, கடைசியில் சோதிப்பது என்பதே வரிசை. ஒரு படி முடிந்து அடுத்த படிக்கு இறங்குவதால் இதற்கு 'அருவி முறை' என்று பெயர் வந்தது. இதன் தந்தை என்று பலராலும் சுட்டப்படுபவர் அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ். ஆனால் 1970இல் அவர் எழுதிய கட்டுரையில் 'அருவி' என்ற சொல்லே கிடையாது. சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது ஆபத்தானது என்றுதான் அவர் அதில் எச்சரித்தார். படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தைப் படிக்காமல் விட்டதன் விளைவு இது எனலாம்.

மற்றொரு வேர் ஜப்பானில் உள்ளது. டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ, தேவைப்படும் பொருளைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் செய்யும் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்தார். வேலையின் நிலையைக் காட்டும் 'கான்பான்' அட்டைகள் அங்கிருந்து வந்தவை. பிழையைக் கண்ட எந்தப் பணியாளரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது அம்முறையின் புகழ்பெற்ற விதி. 1986இல் ஹிரோத்தகா தாக்கெயூச்சி, இக்குஜிரோ நொனாக்கா ஆகிய இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினர். புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்கள் தொடர் ஓட்டக்காரர்களைப் போலக் கோலைக் கைமாற்றிவிட்டு நிற்கக் கூடாது, ரக்பி விளையாட்டு அணியைப் போல ஒன்றாக முன்னேற வேண்டும் என்றது அக்கட்டுரை. ரக்பியில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து பந்துக்காக முட்டும் நிலைக்கு 'ஸ்கிரம்' என்று பெயர். ஜெஃப் சதர்லாந்து, கென் ஷ்வேபர் இருவரும் 1995இல் ஒரு கணினி மாநாட்டில் முன்வைத்த வேலைமுறை இப்பெயராலேயே அழைக்கப்படுகிறது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருளாளர்கள் கூடி 'அஜைல் அறிக்கை'யை வெளியிட்டனர். நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கொள்கைகளும் கொண்ட மிகச் சிறிய ஆவணம் அது. நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களின் உரையாடலும், விரிவான ஆவணங்களை விட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளரோடு ஒத்துழைப்பும், திட்டத்தைப் பின்பற்றுவதை விட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பதும் மேலானவை என்று அது கூறியது. ஆவணம் வேண்டாம், திட்டம் வேண்டாம் என்று அறிக்கை எங்கும் சொல்லவில்லை. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஒன்றுக்குக் கூடுதல் மதிப்பு என்பதே அதன் நிலைப்பாடு.

ஒரு சுற்று நடக்கும் விதம்

ஸ்கிரம் முறையில் குழு பொதுவாகப் பத்துப் பேருக்கு மிகாமல் இருக்கும். எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யப் பொருள் உரிமையாளர் ஒருவர் இருப்பார். ஒரு மாதத்துக்கு மேற்படாத சுற்றுகளாக வேலை நடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'ஸ்பிரிண்ட்' என்று பெயர். பல குழுக்கள் இரண்டு வாரங்களை வைத்துக்கொள்கின்றன. நாள்தோறும் பதினைந்து நிமிடங்களுக்குள் ஒரு சிறு கூட்டம் நடக்கும். சுற்றின் முடிவில் செய்ததைக் காட்டுவார்கள். பின்னர், வேலை செய்த விதத்தில் எதை மாற்றலாம் என்று தமக்குள் பேசுவார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான் அவசரத்தில் முதலில் கைவிடுகிறார்கள். கைவிடக் கூடாத கூட்டமும் அதுவே.

பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஆண்டு முழுவதும் பாடம் நடத்திவிட்டு, ஆண்டுத் தேர்வில் மட்டும் மாணவனின் நிலையை அறிந்தால் திருத்துவதற்குக் காலம் இருக்காது. ஜூன் மாதத்தில் பின்னக் கணக்கில் விழுந்த குழப்பம் ஏப்ரலில்தான் வெளியே வரும். அதற்குள் அதன்மேல் கட்டிய எல்லாம் கோணலாகியிருக்கும். வாரந்தோறும் நோட்டுப் புத்தகத்தைத் திருத்தும் ஆசிரியர் அதே குழப்பத்தை ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார். அவர் வேகமாகப் பாடம் நடத்துபவராக இருக்க வேண்டியதில்லை.

சென்டினல்: ஒரு மெய்யான எடுத்துக்காட்டு

அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றப் பட்ட பாடு, இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 'மெய்நிகர் வழக்குக் கோப்பு' என்ற முதல் திட்டம் சுமார் 170 மில்லியன் டாலர் செலவான பிறகு 2005இல் கைவிடப்பட்டது. 2006இல் 'சென்டினல்' என்ற பெயரில் புதிய திட்டம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கு கட்டங்களாக 2009 இறுதியில் முடிய வேண்டிய திட்டம் அது. 2010 ஆகஸ்டு வாக்கில், ஒதுக்கப்பட்ட 451 மில்லியன் டாலரில் 405 மில்லியன் செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டு மட்டுமே கைக்கு வந்திருந்தன.

அந்த நிலையில் எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு அஜைல் முறைக்கு மாறியது. வேலை இரண்டு வாரச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருள் காட்டப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி, குழு பெரிதாகவில்லை என்பது. ஒப்பந்தப் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 220இலிருந்து 40 ஆகக் குறைக்கப்பட்டது.

இதை ஒரு மந்திரக்கதையாகச் சொல்பவர்கள் உண்டு, அது சரியன்று. ஓராண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இழுத்தது. 2011 அக்டோபரில் உண்மையான பயனாளர்களை வைத்து நடத்திய சோதனையில் கணினிகள் சுமை தாங்காமல் நின்றன. ஆனால் அந்தக் குறை, நாடு முழுவதும் மென்பொருள் போய்ச் சேர்ந்த பிறகு தெரியவில்லை. அதற்கு முன்பே தெரிந்தது. புதிய வன்பொருள் வாங்கப்பட்டது. 2012 ஜூலையில் சென்டினல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. முந்தைய திட்டங்களில் இருந்தவர்களும் திறமையானவர்களே. தாங்கள் செய்வது சரியா என்று அறிய அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது என்பதே வேறுபாடு.

நிறுவனம் வளரும்போது

ஒரு குழுவில் நன்றாக ஓடும் முறை, நூறு குழுக்களில் ஏன் தடுமாறுகிறது? இதற்கான விடையில் பாதி வெறும் கணக்கு. ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள் உள்ளன. பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1225. ஆட்கள் பத்து மடங்கு கூடினால் பேச வேண்டிய வழிகள் நூறு மடங்குக்கு மேல் பெருகுகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளிவந்த தம் நூலில் இதை எடுத்துக்காட்டி, தாமதமான மென்பொருள் திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்றார். அரை நூற்றாண்டு கழிந்தும் மேலாளர்கள் முதலில் எடுக்கும் மருந்து அதுவாகவே இருக்கிறது.

மறுபாதி விடையை மெல்வின் கான்வே 1968இல் சொன்னார். ஓர் அமைப்பு உருவாக்கும் எந்தப் பொருளும், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சாகவே அமையும் என்பது அவர் கூற்று. கடன் பிரிவும் அட்டைப் பிரிவும் பேசிக்கொள்ளாத வங்கியின் செயலியில், கடன் பக்கமும் அட்டைப் பக்கமும் ஒன்றையொன்று அறியாதவைபோல இருக்கும். வாடிக்கையாளர் ஒரே முகவரியை இரண்டு முறை தட்டச்சு செய்வார். இதைத் திருத்த மென்பொருளைத் தொட்டால் போதாது. இருக்கைகளை மாற்ற வேண்டும்.

இதனால் பெரிய நிறுவனங்கள் தம்மைச் சிறிய குழுக்களின் தொகுப்பாக மாற்றிக்கொள்ள முயன்றன. இரண்டு பீட்சாவில் பசியாறக்கூடிய அளவுக்கு மேல் குழு பெரிதாகக் கூடாது என்பது அமேசான் நிறுவனத்தின் புகழ்பெற்ற வழக்கம். இசைச் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஹென்ரிக் நீபெர்க், ஆண்டர்ஸ் இவார்சன் இருவரும் 2012இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவியது. மூன்று நகரங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்த காலத்தில் எழுதப்பட்டது அது. 'ஸ்குவாட்' என்பது சிறு குழு. தொடர்புள்ள ஸ்குவாடுகள் சேர்ந்தது 'டிரைப்'. ஒரே தொழில்திறன் உடையவர்கள் டிரைப்புக்குள் சேர்வது 'சாப்டர்'. ஒரே ஆர்வம் உடையவர்கள் நிறுவனம் முழுவதிலுமிருந்து சேர்வது 'கில்டு'. இது தங்கள் அப்போதைய நிலையின் ஒரு படம் மட்டுமே, பயணம் முடியவில்லை என்று கட்டுரையாளர்களே எழுதியிருந்தனர். படித்தவர்கள் பலர் அந்த வரியைத் தாண்டிச் சென்று, துறை என்ற பலகையைக் கழற்றிவிட்டு டிரைப் என்ற பலகையை மாட்டினர். ராய்ஸின் கட்டுரைக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்தது.

பலகையை மாற்றுவதோடு நில்லாத நிறுவனம் ஒன்று நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கி. 2015இல் அதன் டச்சுத் தலைமையகத்தில் பணியாற்றிய சுமார் 3,500 பேர், ஒன்பது பேர் கொண்ட ஏறத்தாழ 350 ஸ்குவாடுகளாகவும் 13 டிரைப்புகளாகவும் மாற்றப்பட்டனர். சந்தைப்படுத்துவோர், தரவு ஆய்வாளர், நிரலாளர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஆண்டுக்கு ஐந்தாறு முறை பெரிதாக வெளியிடப்பட்ட மென்பொருள், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிறிதாக வெளிவரத் தொடங்கியது. குழுக்கள் ஆளுக்கொரு திசையில் போகாதிருக்க, டிரைப் தலைவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாங்கள் செய்ததையும் செய்யப்போவதையும் எழுதி மற்ற டிரைப்புகளிடம் காட்டினர். இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஊழியர்கள் தங்கள் நிறுவனத்திலேயே மீண்டும் விண்ணப்பித்து வேலை பெற வேண்டியிருந்தது. பலருக்குப் பழைய பதவி இல்லாமல் போனது. சிலருக்கு இடமே கிடைக்கவில்லை. அறிவு இருந்தும் மனப்பாங்கு பொருந்தாதவர்கள் என்று கணிக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒரு மனிதரின் மனப்பாங்கை நேர்காணலில் அளப்பது எவ்வளவு நியாயமானது என்ற கேள்வி அஜைல் நூல்களில் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

பல குழுக்களை இணைக்க சேஃப், லெஸ் போன்ற ஆயத்தச் சட்டகங்களும் உள்ளன. டீன் லெஃபிங்வெல் 2011இல் வெளியிட்ட சேஃப், பெரிய நிறுவனங்களில் பரவலாகக் கையாளப்படுகிறது. அதில் பதவிகளும் கூட்டங்களும் மிகுதி என்று குறை கூறுவோரும் உண்டு. எந்தச் சட்டகமாயினும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: ஒரு குழு இன்று செய்த மாற்றத்தை எத்தனை பேரிடம் அனுமதி பெற்ற பிறகு ஒரு பயனாளர் தொட்டுப் பார்க்கிறார்?

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில் பணியாற்றும் நிரலாளர்களுக்கு இக்கேள்வி கூடுதலாகப் பொருந்தும். அவர்களில் பலர் செய்யும் மென்பொருளின் உரிமையாளர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறார். இங்கே மாலை ஆறு மணி ஆகும்போதுதான் அமெரிக்காவில் வேலை நாள் தொடங்குகிறது. நேருக்கு நேர் உரையாடலே சிறந்தது என்ற அஜைல் கொள்கைக்கு இது நேர் எதிரான சூழல். இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் 'தினசரிக் கூட்டம்' ஒத்துழைப்பாக இல்லாமல் வருகைப் பதிவாக மாறிவிடுகிறது. முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பங்கையாவது இங்குள்ள குழுவிடம் விடாமல் அங்கே அஜைல் நடக்காது.

செயற்கை நுண்ணறிவு உள்ளே வரும்போது

நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் 2022இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளியானது. அதன்பின் நிறுவனங்களில் நிரல், அறிக்கை, விளம்பரம், வாடிக்கையாளருக்கு மறுமொழி என எல்லாவற்றின் முதல் வரைவையும் இயந்திரம் எழுதத் தொடங்கியது. வேலை எவ்வளவு விரைவாகிறது என்பது குறித்த ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை.

கோபைலட் பற்றிய ஓர் ஆய்வில் 95 நிரலாளர்களிடம் ஒரு சிறு இணையச் சேவையகத்தைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். கருவியைப் பயன்படுத்தியவர்கள் 55.8 விழுக்காடு விரைவாக முடித்தனர். 2025இல் மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு வேறு விதமாகச் சோதித்தது. தங்களுக்கு நெடுநாள் பழக்கமான பெரிய திறமூல மென்பொருள்களில் பணியாற்றும் 16 அனுபவசாலிகள், 246 வேலைகளைச் செய்தனர். கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. 24 விழுக்காடு நேரம் குறையும் என்று தொடங்கும் முன் அவர்கள் கணித்திருந்தனர். முடித்த பிறகும் 20 விழுக்காடு குறைந்ததாகவே நம்பினர். சிறு எண்ணிக்கையினரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆயினும் ஒன்று தெளிவு: வேலை விரைவாகிவிட்டது என்ற உணர்வை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது.

அஜைல் முறைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது டோரா எனப்படும் ஆய்வுக் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை. செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு 25 விழுக்காடு கூடும்போது, மென்பொருளை வெளியிடும் வேகம் 1.5 விழுக்காடும், வெளியிட்டது நிலையாக இயங்கும் தன்மை 7.2 விழுக்காடும் குறைவதாக அது மதிப்பிட்டது. தனியாள் விரைவாக எழுதுகிறார், நிறுவனம் மெதுவாகிறது. எப்படி? எழுதுவது எளிதாகிவிட்டதால் ஒரே முறையில் அனுப்பப்படும் மாற்றத்தின் அளவு பெருத்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் கருதிய காரணம். மாற்றம் பெரிதானால் அதைச் சரிபார்ப்பது கடினம். உடைந்தால் எங்கே உடைந்தது என்று கண்டுபிடிப்பதும் கடினம். 2025 அறிக்கையில் வேகம் கூடியதாகத் தெரிந்தது. நிலைத்தன்மை மட்டும் தொடர்ந்து அடி வாங்கியது. நல்ல பழக்கங்கள் உள்ள நிறுவனத்தில் இக்கருவி நன்மையைப் பெருக்கும், ஒழுங்கற்ற நிறுவனத்தில் ஒழுங்கின்மையைப் பெருக்கும் என்ற கருத்தும் அதில் இருந்தது.

இதற்கும் விடைத்தாள் உவமை பொருந்தும். மாணவர்கள் எல்லோரும் திடீரெனக் கூடுதல் தாள் வாங்கி நாற்பது பக்கம் எழுதத் தொடங்கினால், திருத்தும் ஆசிரியரின் எண்ணிக்கை கூடாதவரை முடிவு விரைவில் வராது. ஆசிரியர் மேலோட்டமாகப் பார்த்து மதிப்பெண் போடுவார். அல்லது தாள்கள் மேசையில் குவியும். நிறுவனத்திலும் இதுவே நடக்கிறது. எழுதுவது மலிவாகிவிட்டது, எழுதியதைப் படித்து, விளங்கி, பொறுப்பேற்பது பழைய விலையிலேயே இருக்கிறது. அஜைல் சுற்றின் நெரிசல் அங்கே போய்விட்டது. எழுதும் இடத்தில் இன்னும் பணம் கொட்டிப் பயனில்லை.

இயந்திரமே பொருளாகும்போது

வேலைக்கு உதவும் கருவியாக மட்டுமின்றி, நிறுவனம் விற்கும் சேவைக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு அமரும்போது வேறொரு சிக்கல் வருகிறது. வழக்கமான மென்பொருளில் ஒரு பொத்தான் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். தரவிலிருந்து கற்கும் மாதிரி எவ்வளவு துல்லியமாக வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று சுற்றுகள் உழைத்தும் பயனற்றதாகலாம். நன்றாக வந்தாலும், உலகம் மாறும்போது அதன் துல்லியம் சரியும். ஆகவே 'முடிந்தது' என்ற சொல்லுக்கே இங்கு வேறு பொருள் தேவை.

வீடுகளின் விலையைக் கணிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜில்லோ, தன் கணிப்பின் துணையோடு வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. 2021இல் சந்தை வேகமாக ஏறி இறங்கியபோது பல வீடுகளை விற்கக்கூடிய விலையை விடக் கூடுதலாக வாங்கியது தெரியவந்தது. ஒரே காலாண்டில் 304 மில்லியன் டாலர் மதிப்பிழப்பைக் கணக்கில் எழுதியது. நவம்பரில் அத்தொழிலை மூடுவதாகவும், ஊழியரில் சுமார் 25 விழுக்காட்டினரைக் குறைப்பதாகவும் அறிவித்தது. வீடு வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையே மாதங்கள் கழிவதால், கணிப்பு தவறு என்பது விற்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். அதற்குள் இன்னும் பல வீடுகள் வாங்கப்பட்டிருக்கும். விடை தாமதமாக வரும் இடத்தில் வளர்ச்சியை மெதுவாக்குவதே அஜைல் ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஏர் கனடா நிறுவனத்தின் இணைய உரையாடி, நெருங்கிய உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகையைப் பற்றித் தவறான தகவல் தந்தது. உரையாடியின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தை, 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இழப்பீட்டுத் தொகை சிறியது. தீர்ப்பின் பொருள் பெரியது. ஒவ்வொரு உரையாடிக்கும் பெயர் சொல்லக்கூடிய ஓர் உரிமையாளர் குழுவுக்குள் இருக்க வேண்டும், அது சொல்வதை அவர் வாரந்தோறும் படிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024இல், தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 முகவர்களின் வேலைக்கு ஈடாகச் செய்வதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே, செலவைக் குறைப்பதில் அதிகக் கவனம் வைத்ததால் தரம் குறைந்தது என்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் சேவைக்கு மீண்டும் மனிதர்களைச் சேர்க்க முற்பட்டார். திரும்பி வரத் துணிந்தது பாராட்டத்தக்கது. முதலில் ஒரு சிறு பகுதியில் சோதித்திருந்தால் திரும்ப வேண்டிய தூரம் குறைந்திருக்கும்.

நடைமுறையில் மாற வேண்டியவை

முதலாவது, மாற்றத்தின் அளவு. இயந்திரம் ஆயிரம் வரி தந்தாலும், ஒருவர் உட்கார்ந்து படித்து விளங்கிக்கொள்ளும் அளவே ஒருமுறை அனுப்பப்பட வேண்டும். தானியங்கிச் சோதனைகள் இல்லாத நிறுவனம் முதலில் அவற்றை எழுத வேண்டும். மாதிரிகளுக்கு, சரியான விடை தெரிந்த கேள்விகளின் தொகுப்பு ஒன்றைக் குழுவே உருவாக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதைக் கொண்டு தேர்வு வைக்க வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து வந்த விந்தையான கேள்விகளை அத்தொகுப்பில் சேர்த்துக்கொண்டே போனால் அது காலப்போக்கில் நிறுவனத்தின் பெருஞ்செல்வமாகும்.

அளவீடுகளையும் மாற்ற வேண்டும். எழுதிய வரிகள், ஒரு சுற்றில் முடித்த பணிப் புள்ளிகள் ஆகியவற்றை இயந்திரம் எளிதில் ஊதிப் பெருக்கிவிடும். வெளியிட்டதில் எத்தனை உடைந்தது, உடைந்ததைச் சரிசெய்ய எவ்வளவு நேரமானது, சரிபார்ப்புக்காக வேலை எத்தனை நாள் காத்திருந்தது ஆகியவை இன்னும் உண்மை பேசும் எண்கள்.

டொயோட்டாவின் கயிற்றையும் இங்கே நினைக்க வேண்டும். பல நிறுவனங்களில் செயற்கை நுண்ணறிவைத் தொடங்குவதற்கு ஒரு குழு இருக்கிறது. நிறுத்துவதற்கு யாருக்கு உரிமை என்று கேட்டால் விடை இல்லை. வாடிக்கையாளரோடு பேசும் கடைநிலை ஊழியருக்கும் அந்த உரிமை இருக்க வேண்டும். தவறான விடையை முதலில் பார்ப்பவர் அவரே.

மிகக் குறைவாகப் பேசப்படுவது இளையோரின் நிலை. இதுவரை புதிதாகச் சேர்ந்தவர்கள் சிறிய, எளிய வேலைகளைச் செய்து, மூத்தவர்களிடம் திருத்தம் பெற்றுத் தொழில் கற்றனர். அந்த எளிய வேலைகளே இப்போது முதலில் இயந்திரத்திடம் போகின்றன. இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்க அனுபவசாலி தேவை. எழுதிப் பழகாமல் அனுபவசாலி உருவாவதில்லை. இன்று சரிபார்க்கும் மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலியில் அமர்வது யார் என்ற கணக்கு எந்தச் சுற்றுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. இருவர் சேர்ந்து ஒரே கணினியில் எழுதும் வழக்கம் ஒன்று அஜைல் முறையில் உண்டு. கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட நூலின் வழியே 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' என்ற பெயரில் புகழ்பெற்ற முறையின் ஒரு பகுதி அது. மூத்தவர், இளையவர், இயந்திரம் மூவரும் சேர்ந்து அமர, இளையவர் முதலில் தன் விடையைச் சொன்ன பிறகே இயந்திரத்திடம் கேட்பது என்ற ஒழுங்கோடு இவ்வழக்கத்தை மீட்டெடுக்கலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கான செலவு பயிற்சிச் செலவு. வேலையின் செலவாக அதைக் கணக்கிடுவது பிழை.

சட்டமும் இப்போது உள்ளே வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் விதிகள் படிப்படியாகப் பொருந்தும் வகையில் அமைந்துள்ளன. ஆளெடுப்பு, கடன் தகுதி போன்ற உயர் ஆபத்துப் பயன்பாடுகளுக்கு மனிதக் கண்காணிப்பையும் தொழில்நுட்ப ஆவணங்களையும் அது கோருகிறது. விரிவான ஆவணங்களை விட இயங்கும் மென்பொருள் மேலானது என்ற 2001ஆம் ஆண்டு விழுமியத்தோடு இது மோதுவதாகத் தோன்றலாம். எல்லாம் முடிந்த பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து ஆவணம் எழுதும் நிறுவனத்துக்கு அது மோதலாகவே இருக்கும். எந்தத் தரவில் மாதிரி கற்றது, எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றது, யார் பார்த்து ஒப்புதல் தந்தார் என்ற மூன்றையும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரைப்பக்கத்தில் குறித்துவைக்கும் குழுவிடம், அதிகாரி வந்து கேட்கும் நாளில் ஆவணம் ஏற்கெனவே இருக்கும்.